கன்னிக்கு எடுத்த சேலை

எங்கள் வீட்டுக் கன்னிக்கு மட்டும் ஏன் சேலை எடுக்கிறோம் என்று ஆச்சியிடம் நான் கேட்டபோது எனக்கு எட்டு ஒன்பது வயதிருக்கும். தெருவில் கன்னி வைத்துக் கும்பிடுகிற வீடுகள் நாலைந்து இருந்தன, எல்லா வீட்டிலும் பாவாடை சட்டைதான், கூடவே ரிப்பன், கண்ணாடி வளையல், சாந்துப் பொட்டு, கையளவில் ஒரு முகம் பார்க்கிற கண்ணாடி. எங்கள் வீட்டில் மட்டும் முழுச் சுங்குடிச் சேலை. ஆச்சி மாவிளக்குக்கு மாவு பிசைந்துகொண்டே, தலையை நிமிர்த்தாமல், "அவ வளந்துட்டாட்டி" என்றாள். ஆச்சிக்கு இப்படிக் குசும்பாகப் பேசுகிற பழக்கம் உண்டு என்பதால் நானும் சிரித்துவிட்டு விளையாடப் போய்விட்டேன். அது குசும்பு இல்லை என்று தெரிய எனக்கு நாற்பத்தைந்து வயதாக வேண்டியிருந்தது.

நெல்லைப் பக்கம் அல்லாதவர்களுக்காகக் கொஞ்சம் சொல்லிவிடுகிறேன். கல்யாணம் ஆகாமல் செத்துப்போன பெண்பிள்ளையை வீட்டுத் தெய்வமாகக் கும்பிடுவது எங்கள் பக்கத்தில் பல சாதிகளிலும் உண்டு. சிலையோ படமோ வேண்டியதில்லை. மூடி போட்ட ஒரு பனையோலைப் பெட்டி, அதற்குள் அவளுக்குப் புதுத்துணி, அவ்வளவுதான். வருஷத்துக்கு ஒரு நாள் பெட்டியை இறக்கி, பழைய துணியை எடுத்துவிட்டுப் புதுசை வைத்து, துள்ளுமாவும் மாவிளக்கும் சர்க்கரைப் பொங்கலும் படைத்துக் கற்பூரம் காட்டி, மறுபடி மச்சில் ஏற்றிவிடுவார்கள். எங்கள் வீட்டில் அது தை மாதத்து ஒரு செவ்வாய்க்கிழமை. வெளியே எடுத்த துணியை வீட்டில் இருக்கிற பெண்பிள்ளை உடுத்தலாம், உடுத்தினால் நல்லது என்பார்கள். அம்மா சின்னப்பிள்ளையாக இருந்தபோது கன்னியின் பாவாடைகளை உடுத்தித்தான் வளர்ந்திருக்கிறாள். அம்மா பெரியவளான பிறகு ஏதோ ஒரு வருஷம் அது சேலையாக மாறியது. ஆனால் எந்தச் சேலையும் அம்மாவுக்கு வரவில்லை. போன வருஷத்துச் சேலை எங்கே என்று கேட்டால் "ஆத்துல விட்டாச்சு" என்பாள் ஆச்சி. தாமிரபரணி நடந்துபோகிற தூரம்தான். விட்டாளா என்று யார் கூடப்போய்ப் பார்த்தார்கள்?

கன்னி வேறு யாரும் இல்லை, ஆச்சியின் கூடப்பிறந்த அக்கா. ஆச்சிக்கு மூன்று வயது மூத்தவள். 1947 ஐப்பசியில், பதினேழு வயதில், பெரியம்மை போட்டுப் போய்விட்டாள் என்பதுதான் எங்களுக்குச் சொல்லப்பட்டது. அம்மை கண்டு செத்தால் எரிக்க மாட்டார்கள், சத்தமில்லாமல் கொண்டுபோய்ப் புதைத்துவிடுவார்கள், துக்கம் கேட்கக்கூட யாரும் வாசலேற மாட்டார்கள். யாரும் முகத்தைப் பார்க்கத் தேவையில்லாத சாவு. இதை எழுதும்போதுதான் எவ்வளவு கெட்டிக்காரத்தனமாக அந்தச் சாவைத் தேர்ந்தெடுத்திருக்கிறார்கள் என்று தோன்றுகிறது.

இன்னொன்றையும் இங்கேயே சொல்லிவிட வேண்டும். எங்கள் வீட்டுப் பெண்களுக்குக் கன்னிதான் போலீஸ். பொழுது சாய்ந்து வீட்டுக்கு வந்தால், "கன்னி பாத்துக்கிட்டு இருக்கா." பஸ்ஸில் எவனோ சிரித்தான் என்று சொன்னால், "நீ என்ன செஞ்சே, கன்னிக்குத் தெரியும்." அம்மாவை இப்படித்தான் வளர்த்தார்கள், சித்தியை இப்படித்தான், என்னையும் இப்படித்தான். அவள் சுத்தமானவள், சாமிக்கே பிடித்துப்போய்ச் சின்ன வயதிலேயே கூப்பிட்டுக்கொண்டது, நாம் தப்புச் செய்தால் வீட்டில் விளக்கு எரியாது. நான் பாளையங்கோட்டையில் கல்லூரி படித்த மூன்று வருஷமும், ஒரு பையன் கொடுத்த கடிதத்தைக் கிழித்துப்போட்ட அன்று உட்பட, மச்சில் இருக்கிற ஒரு ஓலைப்பெட்டியை நினைத்துப் பயந்திருக்கிறேன்.

ஆச்சி 2011 ஆவணியில் போனாள். அதற்குப் பிறகு பெட்டி அம்மாவிடம் வந்தது. அடுத்து என்னிடம் வரும் என்பது எழுதாத ஏற்பாடு.

சரி, விஷயத்துக்கு வருகிறேன். அம்பாசமுத்திரத்துக்குக் கிழக்கே, கன்னடியன் கால்வாய் பாய்கிற நன்செய் கொஞ்சம் எங்கள் குடும்பத்துக்கு இருந்தது. கார், பிசானம் என்று இரண்டு போகம் நெல்லும் தவறாமல் விளைந்த பூமி. அது ஆச்சியின் அண்ணன் பேரில் இருந்து அவருடைய பேரன்களுக்கு வந்திருந்தது. மில் வேலைக்காக மதுரைக்குப் போய் அங்கேயே தங்கிவிட்ட அவரை நாங்கள் மதுரைத் தாத்தா என்போம். பேரன்கள் 2023-ல் நிலத்தை விற்க முடிவு செய்தார்கள். வாங்குகிறவரின் வக்கீல் 1950-லிருந்து வில்லங்கச் சான்று கேட்டார். கணினியில் பார்த்தால் 1975-க்கு முன்னால் போகவில்லை, பழைய புத்தகங்களைக் கையால் தேடித்தான் கொடுக்க வேண்டும் என்றார்கள். நான் பக்கத்தில் பாளையங்கோட்டையில் இருப்பதால் அந்த அலைச்சல் என் தலையில் விழுந்தது. மனுப்போட்டு, பணம் கட்டி, இரண்டு மூன்று முறை நடந்து கடைசியில் கையில் வாங்கினேன். வாங்கிய இடத்திலேயே, வேப்பமரத்தடியில் பத்திரம் எழுதுகிறவர்கள் போட்டிருக்கும் பெஞ்சில் உட்கார்ந்து படித்தேன்.

1972-ல் ஒரு விடுதலைப் பத்திரம், அதாவது சொத்தில் எனக்குப் பங்கு வேண்டாம் என்று எழுதிக் கொடுப்பது. எழுதி வாங்கியவர் மதுரைத் தாத்தா. எழுதிக் கொடுத்தவர்கள் இரண்டு பேர். இரண்டாவது பெயர் ஆச்சி. முதல் பெயர் எங்கள் கன்னி.

எனக்கு முதலில் வந்த சந்தேகம் ஆள்மாறாட்டம். அண்ணன்காரர் யாரோ ஒரு பொம்பளையைக் கூட்டிவந்து தங்கச்சி என்று கையெழுத்து வாங்கியிருப்பார் என்று நினைத்தேன். பஸ்ஸில் வரும்போதுதான் அது பொருந்தவில்லை என்று உறைத்தது. கல்யாணம் ஆகாமல் 1947-லேயே செத்துப்போனவளிடம் எதற்காக விடுதலை வாங்க வேண்டும்? செத்தவளுக்குப் பங்கு இல்லையே. விடுதலை எழுதி வாங்குகிறார்கள் என்றால் ஆள் உயிரோடு இருக்கிறது, கேட்டால் கொடுத்தாக வேண்டியிருக்கிறது என்று அர்த்தம்.

1956-ல் இந்து வாரிசுரிமைச் சட்டம் வந்தது. அதற்குப் பிறகு ஒருவர் உயில் எழுதாமல் செத்தால் அவர் சொத்தில் மகனைப் போலவே மகளுக்கும் பங்கு. மகள் எந்தச் சாதிக்காரனோடு போனாள் என்று சட்டம் கேட்காது. ஆச்சியின் அப்பா 1969-ல் உயில் எழுதாமல் போய்விட்டார். நம் பக்கத்தில் இந்தச் சட்டம் பெண்களுக்குச் சொத்தைக் கொடுத்ததோ இல்லையோ, விடுதலைப் பத்திரங்களைக் கொடுத்தது. அண்ணன் தம்பிகள் அக்கா தங்கைகளைப் பதிவு அலுவலகத்துக்குக் கூட்டிப்போய், "எனக்கு இதில் யாதொரு பாத்தியமும் பின்தொடர்ச்சியும் இல்லை" என்று எழுதி வாங்கிக்கொண்டு, வரும் வழியில் பூவும் லாலாக் கடை அல்வாவும் வாங்கிக் கொடுத்து அனுப்புவார்கள். எனக்குத் தெரிந்து பத்து வீட்டில் நடந்திருக்கிறது. எங்கள் வீட்டில் ஒரு கூடுதல் சங்கடம், கையெழுத்துப் போட வேண்டியவளை இருபத்தைந்து வருஷமாகச் சாமியாகக் கும்பிட்டுக்கொண்டிருந்தார்கள்.

அசல் பத்திரம் மதுரையில் பீரோவில் இருந்தது. பேரன் எனக்கு வாட்ஸ்அப்பில் படம் அனுப்பினான். முன்பக்கத்தில் அவள் பெயருக்குப் பக்கத்தில் கணவர் பெயர், "நீலகிரி மாவட்டம், கூடலூர் வட்டம்" என்று விலாசம், அரசுத் தேயிலைத் தோட்டம் என்று இருந்தது. பின்பக்கத்தில் பதிவு எழுத்துகளுக்குக் கீழே இரண்டு பெருவிரல் ரேகைகள், ஒன்றின் மேல் ஒன்றாக. அதற்கும் கீழே, எழுதிக் கொடுத்தவர்களைத் தெரியும் என்று அடையாளம் காட்டியவர்கள் இருவர். அதில் ஒருவர் என் தாத்தா. அதாவது, அதிகாரி முன்னால் நின்று "இவள்தான் அவள்" என்று சொல்லிவிட்டு வந்த மனிதர் அடுத்த தை மாதம் அதே அவளுக்குத் தேங்காய் உடைத்திருக்கிறார். நான் தாத்தாவை மடியில் உட்கார்ந்து பார்த்தவள். வாயில் பொய் வராத மனுஷன் என்று ஊரில் பெயர் எடுத்தவர்.

அம்மாவிடம் எப்படிச் சொல்வது என்று இரண்டு நாள் யோசித்தேன். சொன்னதும் அழுவாள் என்று நினைத்தேன். அவள் படத்தைப் பெரிதாக்கிப் பெரிதாக்கிப் பார்த்துவிட்டு, சிரிக்க ஆரம்பித்தாள். நிற்கவே இல்லை. கண்ணைத் துடைத்துக்கொண்டு, "ஓடிப்போனவள வச்சா என்னைய ஓடிப்போகாதன்னு பயங்காட்டினா?" என்றாள். அப்புறம் அன்று ராத்திரி சாப்பிடவில்லை. அம்மாவுக்கும் சொல்லாத கதை ஏதாவது இருக்குமோ என்று எனக்குத் தோன்றியது, கேட்கவில்லை.

ஊரில் மேலத்தெரு ஆச்சி இருந்தாள், தாத்தாவின் தங்கை. அவளுக்குத் தொண்ணூறு. காது மந்தம், ஞாபகம் சுத்தம். நானும் அம்மாவும் போய் உட்கார்ந்து, நைசாகக் கேட்கலாம் என்று ஆரம்பித்தால், அவள் வெற்றிலை இடித்துக்கொண்டே, "இப்பந்தான் தெரியுமாக்கும்? தெருவுக்கே தெரியும்ட்டி. தெரியாதது உங்களுக்குத்தான்" என்றாள்.

இதுதான் என்னை அதிகம் உலுக்கியது. குடும்ப ரகசியம் என்றால் ஊருக்குத் தெரியாமல் வீட்டுக்குள் வைத்திருப்பது என்றுதான் நான் நினைத்திருந்தேன். இங்கே வண்ணாருக்குத் தெரியும், பால்காரருக்குத் தெரியும், கோயில் பூசாரிக்குத் தெரியும். பிறந்த பிள்ளைகளுக்குத்தான் தெரியாது. ஒரு தெருவே சேர்ந்து எழுபது வருஷம் குழந்தைகள் முன்னால் வாயை மூடிக்கொண்டிருந்திருக்கிறது, அதுவும் மற்ற எதற்கும் வாய் மூடாத தெரு.

மேலத்தெரு ஆச்சி சொன்னது இது. பையன் ஆற்றுக்கு அக்கரை ஊர். சாதியை நான் எழுதப் போவதில்லை, எங்களுடையதையும் சேர்த்து. இரண்டையும் எழுதினால் படிக்கிறவர்கள் கதையை விட்டுவிட்டு எது மேலே எது கீழே என்று பார்ப்பார்கள், அந்தப் பார்வையால்தான் இவ்வளவும் நடந்தது. பையனுக்குச் சிலோனில் தேயிலைத் தோட்டத்தில் கணக்குப்பிள்ளையாக வேலை, லீவில் வந்திருந்தான். பிசான நடவு நேரம், வீட்டில் ஆம்பளைகள் எல்லாம் வயலில். "குடத்தோட ஆத்துக்குப் போனா. குடம் படித்துறையில இருந்துச்சு, அவ இல்ல. முதல்ல ஆறு கொண்டுபோயிட்டுன்னுதான் அழுதாவ. மூணாம் நாள் தனுஷ்கோடில பாத்ததா ஒருத்தர் வந்து சொன்னாரு." அந்தக் காலத்தில் ரயிலில் தனுஷ்கோடி வரை போய் அங்கே கப்பலேறினால் தலைமன்னார். செய்தி வந்தபோது அவர்கள் அக்கரை சேர்ந்திருப்பார்கள். "உங்க பூட்டையா அருவாளோடதான் கிளம்புனாரு. அகப்பட்டிருந்தா வெட்டியிருப்பாரு. கடல் நடுவுல கெடந்துச்சு, பிழைச்சா."

அருவாளை உள்ளே வைத்துவிட்டு, குடும்பத்தோடு ஆற்றில் போய்த் தலைமுழுகிவிட்டு வந்தார்கள். தலைமுழுகிவிட்டேன் என்று பேச்சுக்குச் சொல்கிறோமே, அதை நிஜமாகவே செய்தார்கள். அப்புறம் வெளியூர்ச் சொந்தங்களுக்கு அம்மை என்று சொல்லி அனுப்பினார்கள்.

இதோடு முடிந்திருக்க வேண்டியது. முடியவிடாமல் செய்தது ஒரு குறிகாரர். மறுவருஷம் வீட்டில் கறவை மாடு செத்தது, மதுரைத் தாத்தாவுக்கு மாசக்கணக்கில் காய்ச்சல். குறி பார்க்கப் போனார்கள். வீட்டில் என்னென்ன சாவு விழுந்தது என்று அவர் கேட்க, எல்லோர் முன்னாலும் அம்மை கதையைச் சொல்ல வேண்டியதாயிற்று. அவருக்கு அது போதும். கன்னி கழியாமல் செத்தவள் வீட்டுக்குள்ளேயே நிற்கிறாள், துணி கேட்கிறாள், பெட்டி வைத்துக் கும்பிடுங்கள் என்று சொல்லிவிட்டார். இல்லை, அவள் சாகவில்லை, சிலோனில் குடும்பம் நடத்துகிறாள் என்று அந்த இடத்தில் யார் சொல்வது? சொன்ன பொய்க்கு அவர்களே தேங்காய் உடைக்க வேண்டி வந்தது. வருஷா வருஷம் பாவாடை எடுத்தார்கள். மாடு சினைபிடித்தது, காய்ச்சல் விட்டது. கன்னி சக்தியுள்ளவள் என்று பெயரும் வந்துவிட்டது.

நடுவில் ஒன்று சொல்ல வேண்டும் போலிருக்கிறது. ஆடி அமாவாசைக்குக் காரையாறு சொரிமுத்து அய்யனார் கோயிலுக்குப் போகாத குடும்பம் எங்கள் பக்கத்தில் குறைவு. அங்கே பட்டவராயன் சன்னதியில் செருப்பு காணிக்கை போடுவார்கள். பிராமணனாகப் பிறந்து, சக்கிலியப் பெண்கள் பொம்மக்கா, திம்மக்காவைக் கட்டி, அவர்கள் தொழிலையும் செய்து, மாடு காக்கப் போய்ச் செத்த முத்துப்பட்டன்தான் அந்தப் பட்டவராயன். ஆச்சியின் அப்பாவும் அந்தச் சன்னதியில் கும்பிட்டவர்தான். சாதி தாண்டியவர்கள் மேல் எங்கள் ஊருக்கு ரொம்ப பக்தி, அவர்கள் செத்திருக்க வேண்டும் என்பதுதான் நிபந்தனை. காதலுக்காக அருவாள் தூக்குவது எங்கள் மாவட்டத்தில் பழங்கதை ஆகிவிட்டது என்று சொல்லவும் முடியவில்லை, பேப்பர் படிக்கிறவர்களுக்குத் தெரியும்.

2023 செப்டம்பரில் நானும் என் வீட்டுக்காரரும் கூடலூர் போனோம். ஐம்பது வருஷத்துக்கு முந்தைய விலாசம், எதுவும் கிடைக்காது என்றுதான் அவர் சொன்னார். ஆனால் மலைத்தோட்டம் ஊர் மாதிரி இல்லை, அங்கே யார் எந்த லயத்தில், அதாவது தொழிலாளர்களின் வரிசை வீட்டில், இருந்தார்கள் என்று எல்லோருக்கும் தெரிந்திருக்கிறது. அந்தத் தோட்டங்கள் உண்டானதே சிலோனிலிருந்து திரும்பி வந்த இவர்களைப் போன்றவர்களுக்காகத்தான். இலங்கை 1948-ல் கொண்டுவந்த குடியுரிமைச் சட்டத்தில் மலையகத் தமிழர்களில் பெரும்பாலோர் நாடற்றவர்களாக நின்றார்கள். 1964 அக்டோபர் 30-ல் இந்தியப் பிரதமர் சாஸ்திரியும் இலங்கைப் பிரதமர் சிறிமாவோவும் ஒப்பந்தம் போட்டார்கள். 5,25,000 பேரை இந்தியா எடுத்துக்கொள்வது, 3,00,000 பேருக்கு இலங்கை குடியுரிமை கொடுப்பது, மிச்சம் 1,50,000 பேரைப் பற்றி அப்புறம் பேசுவது. அந்த மிச்சத்தையும் 1974-ல் ஆளுக்குப் பாதியாகப் பிரித்துக்கொண்டார்கள். வந்தவர்களுக்கு வேலை கொடுக்கத்தான் தமிழ்நாடு அரசு 1968-ல் நீலகிரியில் தேயிலை போட ஆரம்பித்தது, அதுவே பின்னால் டான்டீ என்கிற அரசு நிறுவனம் ஆனது. எங்கள் கன்னி கணவரோடும் மூன்று பிள்ளைகளோடும் தலைமன்னாரில் கப்பலேறி, ராமேஸ்வரத்தில் இறங்கி, மண்டபம் முகாமில் இருந்து, 1970-ல் கூடலூர் வந்து சேர்ந்திருக்கிறாள். சொந்த ஊரில் செத்தவள், இருந்த ஊரில் நாடில்லாதவள், வந்த ஊரில் "சிலோன்காரி". 5,25,000 என்று பள்ளிக்கூடப் புத்தகத்தில் படித்து மார்க் வாங்கியவள் நான். அந்த எண்ணிக்கையில் ஒரு ஆள் எங்கள் மச்சில் பெட்டிக்குள் இருந்தாள்.

லயத்தில் ஒரு பெரியவர் அவளுடைய பேத்தியின் போன் நம்பர் கொடுத்தார். கோயம்புத்தூரில் நர்ஸாக இருக்கிறாள், என்னைவிட நாலைந்து வயது சின்னவள். கூடலூர் பஸ் ஸ்டாண்டில் நின்றுகொண்டே கூப்பிட்டேன். யார் என்று சொல்வதற்கே பத்து நிமிஷம் ஆனது. அவள் நம்பவில்லை. "அம்மாயிக்கு யாருமே இல்லைன்னுதாங்க்கா சொல்லும். ஊர்ல காய்ச்சல் வந்து எல்லாரும் செத்துட்டாங்கன்னு" என்றாள். நான் கொஞ்ச நேரம் பேசாமல் இருந்தேன். இங்கே அவளைச் சாகடித்தார்கள், அங்கே அவள் எங்கள் எல்லோரையும் சாகடித்துவிட்டிருக்கிறாள், கிட்டத்தட்ட அதே காய்ச்சலில்.

அப்புறம் அவளாகவே ஒன்று கேட்டாள். "அம்பாசமுத்திரம் பக்கமாக்கா உங்க ஊரு? வருஷா வருஷம் மாசி மாசம் அங்கருந்து ஒரு பார்சல் வருங்க. கருப்பட்டியும் ஒரு சேலையும் இருக்கும். அனுப்புனவங்க பேர் இருக்காது, தபால் முத்திரைதான். சிநேகிதி அனுப்புறான்னு அம்மாயி சொல்லும். அந்தச் சேலைல ஒரே கற்பூர வாசனை அடிக்கும்."

ஆற்றில் விட்ட சேலை. பஸ் ஸ்டாண்டில் அத்தனை சத்தத்துக்கு நடுவில் அந்தக் கற்பூர வாசனை எனக்கு அடித்தது.

1972-ல் பதிவு அலுவலகத்தில் இரண்டு பேரும் என்ன பேசினார்கள் என்று சொல்ல இன்று ஆள் இல்லை. வீட்டுக்கு நாலு மைல் தூரத்தில் வந்து, ரேகை வைத்துவிட்டு, வீட்டைப் பார்க்காமல் பஸ்ஸேறியிருக்கிறாள். அதற்கு அடுத்த தையில்தான் பாவாடை சேலையானது என்று அம்மா கணக்குப் போட்டுச் சொன்னாள், அம்மாவுக்கு அப்போது பதினேழு. அக்காவைக் கண்ணால் பார்த்த பிறகு, நாற்பது வயதுப் பொம்பளைக்குப் பாவாடை எடுக்க ஆச்சிக்குக் கை வரவில்லை போல. வீட்டுக்காரர்கள் முன்னால், சாமி பேரில், தாத்தாவின் காசில் ஒரு சேலை வாங்கி, ஒரு வருஷம் பெட்டியில் வைத்துப் பூசை போட்டு, அடுத்த வருஷம் தபாலில் சேர்த்திருக்கிறாள். அக்காவுக்குச் சேலை அனுப்பப் போகிறேன் என்று கேட்டிருந்தால் அந்த வீட்டில் நடந்திருக்காது.

இதெல்லாம் தெரிந்த பிறகு எனக்குத் துப்பறியும் பைத்தியம் பிடித்தது. ஒரு நோட்டுப் போட்டு வருஷ வருஷமாக எழுதினேன். நான் ஆறாவது படித்த வருஷம், 1989-ல், கன்னிக்கு வளையல் வைக்கவில்லை, வளையல்காரர் வரவில்லை என்று ஆச்சி சொன்னது நன்றாக ஞாபகம் இருக்கிறது. அந்த வருஷம்தான் அங்கே அவள் கணவர் போயிருக்க வேண்டும் என்று துள்ளிக்கொண்டு பேத்தியிடம் கேட்டேன். "இல்லக்கா, தாத்தா தொண்ணூத்தி நாலுல" என்றாள். 1994 தையில் வளையல், பொட்டு எல்லாம் வைத்தோம். அதற்கு அடுத்த வருஷமும் வைத்தோம். ஆக 1989-ல் உண்மையிலேயே வளையல்காரர் வரவில்லை. நோட்டை மூடிவிட்டேன்.

இன்னொன்றைப் பேத்தி தயங்கித் தயங்கிச் சொன்னாள். அம்மாயி போனது 2009 ஆடியில். அதற்குப் பிறகும் இரண்டு பார்சல் வந்திருக்கிறது. விலாசம் இல்லாததால் யாருக்குச் சொல்வது என்று தெரியாமல் வாங்கி வைத்திருக்கிறார்கள். சாகும்வரை ஆச்சி அக்கா இருக்கிறாள் என்றே நினைத்திருக்கிறாள்.

2024 தையில் பேத்தி எங்கள் ஊருக்கு வந்தாள், கூட அவள் கணவரும் ஆறாவது படிக்கிற மகளும். மாமாவுக்கு, அதாவது அம்மாவின் தம்பிக்கு, இது பிடிக்கவில்லை. வருவதைப் பற்றி ஒன்றும் சொல்லவில்லை, பெட்டியைத் தொடுவதைப் பற்றித்தான். "எழுவது வருசம் கும்பிட்டிருக்கோம். எத்தன காரியம் நடந்திருக்கு. ஆள் செத்தா இருந்தாங்கறது வேற, சாமிங்கறது வேறக்கா" என்றார். அம்மா, "சாமி இல்லன்னு நான் எப்பம்ல சொன்னேன்?" என்றாள். இதில் மாமா சொல்வதும் எனக்கு முழுக்கத் தப்பாகத் தெரியவில்லை, பரீட்சைக்கு முன்னால் நானும் அந்தப் பெட்டியைத் தொட்டுக் கும்பிட்டவள்தானே.

மத்தியானம் சாப்பாட்டுக்கு அம்மா சொதி வைத்திருந்தாள், இஞ்சிப் பச்சடி, உருளைக்கிழங்குப் பொரியலோடு. வந்தவர்களுக்கு அது நல்ல தேங்காய்ப்பால் குழம்பு, அவ்வளவுதான். எங்கள் பக்கம் கல்யாணத்துக்கு மறுநாள் மறுவீட்டுச் சாப்பாட்டில் போடுவது சொதி. அம்மா யோசித்து வைத்தாளா, தற்செயலா என்று கேட்டால், தேங்காய் நிறைய இருந்தது என்கிறாள்.

சாயங்காலம் பெட்டியை இறக்கினோம். ஆச்சி போன பிறகு அம்மாவும் தவறாமல் தைக்குத் தை சேலை எடுத்து வைத்துக்கொண்டுதான் இருந்தாள், எங்கே அனுப்புவது என்று தெரியாமலே. ஆச்சி சொன்னபடி பழையதை ஆற்றில் விட அவளுக்கு மனசில்லை. பாபநாசத்தில் பரிகாரம் பரிகாரம் என்று துணியை விட்டே ஆற்றை நாசமாக்கிவிட்டார்கள், அதில் நாமும் எதற்கு என்று எல்லாவற்றையும் அடியில் போட்டு மூடிவந்திருக்கிறாள். பதின்மூன்று சேலை. அடியில் கிடந்தது ஆச்சி 2011-ல் கடைசியாக எடுத்து வைத்த அரக்குக் கலர் சுங்குடி. பேத்தி அதை எடுத்து முகத்தில் வைத்துப் பார்த்துவிட்டு, "இதே வாசனைதாங்க்கா" என்றாள்.

அம்மா எல்லாவற்றையும் ஒரு கட்டைப்பையில் அடுக்கிக் கொடுத்தாள். மயில் கழுத்துக் கலரில் ஒன்றை மட்டும், இது நல்லாருக்கே என்று திரும்ப எடுத்துக்கொண்டாள். இந்த வருஷத்துக்கென்று வாங்கியிருந்த புதுச்சேலையைத் தாம்பாளத்தில் வெற்றிலை பாக்கோடு வைத்துப் பேத்தி கையிலேயே கொடுத்துவிட்டாள்.

பெட்டியைக் காலியாக ஏற்றக்கூடாது என்றார் மாமா. வீட்டில் வேறு புதுத்துணி இல்லை, கடைக்குப் போக நேரமும் இல்லை, விளக்கு வைக்கிற பொழுது நெருங்கிவிட்டது. அம்மா சுற்றுமுற்றும் பார்த்தாள். பேத்திக்குக் காட்டுவதற்காக நான் கொண்டுவந்திருந்த விடுதலைப் பத்திரத்தின் நகல் மேஜைமேல் கிடந்தது. அதை நாலாக மடித்து, குங்குமம் தொட்டு வைத்து, உள்ளே போட்டு மூடினாள். மச்சில் ஏற்றியது நான்தான்.